பாரிசு வீழ்ந்தது, ஏற்காடு விழித்தது!

1939 செப்டம்பர் முதல் நாள் போலந்து எல்லையில் முழங்கிய பீரங்கியின் ஓசை, சேர்வராயன் மலைக்கு எட்டியிருக்க முடியாது. ஆயினும் ஓராண்டு கழிவதற்குள் அதன் எதிரொலி ஏற்காட்டின் உலர்களங்களில் கேட்டது. காப்பிக் கொட்டை இருந்தது, கொள்வார்தாம் இல்லை!

போருக்கு முந்தைய நிலை யாது? 1820-களில் சேலத்தின் கலெக்டராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் புகுத்தினார். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்ந்த மலையில் தோட்டங்கள் எழுந்தன. துரைமார் பங்களாக்கள் எழுந்தன. "வாணிபத்தில் அரசு தலையிடலாகாது" என்பதே அக்கால வேதம். 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் அந்த வேதத்தை அசைத்தது. 1935-இல் காப்பித் தீர்வைச் சட்டம் வந்தது. தீர்வைப் பணத்தைக் கொண்டு காப்பியின் பெருமையை விளம்பரம் செய்தார்கள். முதல் திருப்பம் அது.

1940 சூன் 14, பாரிசு வீழ்ந்தது. இட்லரின் படை ஐரோப்பாவின் துறைமுகங்களை ஒவ்வொன்றாக அடைத்தது. இந்தியக் காப்பியின் பெருஞ்சந்தை மறைந்தது. வேதம் என்னாயிற்று? அவ்வாண்டு திசம்பரிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. 1942-இல் அது நிலையான சட்டமாயிற்று. விளைந்த காப்பியை, விதைக்கும் வீட்டுக்கும் உரியது போக, வாரியத்தின் 'பூல்' என்னும் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும். தனியொருவன் அவதியில் அடிமாட்டு விலைக்கு விற்கும் நிலை நீங்கியது. முடியாது என்று ஓதப்பட்டது, தோட்ட முதலாளிகளுக்கு ஆபத்து என்றதும் சில திங்களில் முடிந்ததன்றோ!

அதே வேகம் ஏழைக்குக் கிட்டியதா? கொட்டையைப் பறித்த கைகளுக்குக் குடியிருப்பும் மருத்துவமும் வேண்டும் என்ற தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல்தான் நிறைவேறியது. அதிலும் சிறு தோட்டங்களில் உழைத்தோர் எல்லைக்கு வெளியே நின்றனர். 1950-களின் நடுவில் வாரியம் தன் காப்பி ஹவுசுகளை மூட முற்பட்டபோது, வீதிக்கு வந்த ஊழியரைக் காக்க அவசரச் சட்டம் எதுவும் பிறக்கவில்லை. ஏ. கே. கோபாலன் துணை நிற்க, அவர்களே கூட்டுறவுச் சங்கம் கண்டு, 1957-இல் பெங்களூரில் தொடங்கித் தாமே நடத்திக் காட்டினர். ஒற்றுமை தந்த பரிசு அது; ஆட்சி தந்த பிச்சையன்று.

பூல் முறை குறையற்றது என்று யாம் கூறவில்லை. பணம் தவணை தவணையாக வந்தது. காத்திருந்த விவசாயி கடனாளியானான். குறையைக் களைந்திருக்கலாம். ஆனால் நாற்றோடு வயலையும் உழுது போட்டனர். 1989-இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை சரிந்தது. 1996-இல் இங்கே பூல் முற்றாக முடிவுற்றது. தொடக்கத்தில் விலை உயர்ந்தது, உண்மை. 2001, 2002 ஆண்டுகளில் உலகச் சந்தை பாதாளத்தில் விழுந்தபோதோ, சிறு விவசாயியைத் தாங்கப் பொதுத் தொகுப்பு இல்லை.

இன்று ஏற்காட்டுச் சரிவுகளில் சிறு காணி வைத்துக் காப்பியும் மிளகும் வளர்ப்போருள் அந்த மலையின் பழங்குடி மக்களும் உளர். நியூயார்க்கில் விலை ஏறினும் இறங்கினும் அவர்கள் அறிவது, வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலை ஒன்றைத்தான். அவர்களுக்கென ஒரு கூட்டுறவுக் கிடங்கும், கொட்டையை ஈடாக வைத்து உடன் கிட்டும் முன்பணமும், சரியாத அடிப்படை விலையும் கேட்பது பேராசையா?

போர்க்காலத்தில் அந்நியன் ஆட்சி அயலானைக் காக்கச் செய்ததை, அமைதிக்காலத்தில் நம்மவர் ஆட்சி நம்மவரைக் காக்கச் செய்யலாகாதா? பாரிசு வீழ்ந்தால்தான் விழிப்போம் என்பது ஆட்சிக்கு அழகன்று!