கறவை இயந்திரத்தின் தரவு யாருக்கு உரியது?

மனிதக் கை படாமல் தானே பால் கறக்கும் இயந்திரம், 1992ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் பண்ணைக்கு வந்தது. இன்று வடமேற்கு ஐரோப்பாவின் பால்பண்ணைகள் பலவற்றில் அதனைக் காணலாம். பசு தான் விரும்பும் நேரத்தில் கறவைக் கூடத்திற்கு வருகிறது. கழுத்துப் பட்டையில் உள்ள கருவி, வந்திருப்பது எந்தப் பசு என அறிவிக்கிறது. இயந்திரக் கை மடியைத் தூய்மை செய்து பாலைக் கறக்கிறது. கறக்கும்போதே பாலின் அளவு, நிறம், மின்சாரத்தைக் கடத்தும் திறன் ஆகியவற்றையும் அளந்து பதிவு செய்கிறது. மடிவீக்க நோய் தொடங்கும்போது பாலில் உப்புச்சத்து மிகும். அதனால் மின்கடத்து திறனும் உயரும். கண்ணுக்குப் புலப்படாத நோயை இவ்வாறு எண்கள் முன்னரே உணர்த்திவிடுகின்றன.

இந்த எண்கள் எங்கே செல்கின்றன? பெரும்பாலும் இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. பசு பண்ணையாளருடையது, இயந்திரத்திற்கு விலை கொடுத்தவரும் அவரே. எனினும், நிறுவனத்தின் செயலி காட்டுவதை மட்டுமே அவர் காண இயலும். வேறொரு கால்நடை மருத்துவரின் கருத்தைப் பெற விரும்பினாலோ, வேறு நிறுவனத்தின் இயந்திரத்திற்கு மாற எண்ணினாலோ, மந்தையின் பல்லாண்டு வரலாறு பழைய நிறுவனத்திடமே தங்கிவிடக்கூடும். விலையைக் காட்டிலும் வலிய பூட்டு இது.

இப்பூட்டைத் திறக்கவே ஐரோப்பிய ஒன்றியம் தரவுச் சட்டத்தை இயற்றியது. 2022 பிப்ரவரியில் முன்மொழியப்பட்ட இச்சட்டம், 2024 ஜனவரி 11 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் விதிகளுள் பெரும்பாலானவை 2025 செப்டம்பர் 12 முதல் பொருந்துகின்றன. மகிழுந்து, டிராக்டர், குளிர்சாதனப் பெட்டி, கைக்கடிகாரம் எனத் தரவை ஈட்டி அனுப்பும் பொருள்கள் அனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும். பொருளைப் பயன்படுத்துவோர் கேட்டால் அதன் தரவைக் கட்டணமின்றித் தரவேண்டும். அவர் சுட்டும் மூன்றாமவருக்கும் தரவேண்டும்.

தரவு பயனாளரின் சொத்து என்று இச்சட்டம் கூறவில்லை. இதனைக் குறையெனக் கருதுவோர் உளர். உண்மையில் இதுவே அதன் அறிவுடைமை. நிலத்தை ஒருவர் உழும்போது மற்றவர் உழ இயலாது. ஓர் எண்ணையோ பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். சொத்தென்று அறிவித்திருந்தால், இயந்திரம் வாங்கும் நாளிலேயே ஒரு கையொப்பத்தால் அது விற்கப்பட்டிருக்கும். பெறும் உரிமையை அவ்வாறு பறிக்க இயலாது. பயனாளருக்குக் கேடாக அவ்வுரிமையை நீக்கும் ஒப்பந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது எனச் சட்டம் உரைக்கிறது. ஆயினும், தனிமனிதரைச் சாராத தரவை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தத்தின் வழி இசைவு பெறலாம். பல பக்க ஒப்பந்தத்தைப் படித்து மறுக்கும் வலிமை எத்தனை பண்ணையாளருக்கு உண்டு?

சட்டம் வகுத்துள்ள மற்றோர் எல்லையும் எண்ணத்தக்கது. அளந்த எண்களைத் தரவேண்டும். அவற்றிலிருந்து நிறுவனம் தன் தனித்த கணிப்பு முறையால் வருவித்த முடிவைத் தரவேண்டியதில்லை. மின்கடத்து திறனின் அளவு பண்ணையாளருக்குக் கிட்டும். 'இப்பசு நோயுறப் போகிறது' என்னும் கணிப்பு கிட்டாமல் போகலாம். நெல்லைத் தந்துவிட்டு அரிசியை வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. முதற்பார்வைக்கு அநீதியாகத் தோன்றினும், கணிப்பு முறையை உருவாக்கியது நிறுவனத்தின் உழைப்பே. நெல் கையில் இருந்தால் வேறோர் ஆலையில் அரைத்துக்கொள்ளலாம். தருவது நெல்லாக இருத்தல் வேண்டும் என்பதே முதன்மையானது. எந்தப் பசு, எந்த நேரம், எந்த அலகு என்னும் குறிப்பின்றி எண்களை மட்டும் கொட்டினால் அது பதரே. தரவைப் புரிந்துகொள்ளத் தேவையான விளக்கங்களோடு, கணினி படிக்கத்தக்க பொது வடிவில் தரவேண்டும் என்ற விதியைத்தான் கண்காணிப்போர் இமை கொட்டாமல் காக்க வேண்டும்.

நிறுவனங்களின் அச்சத்தையும் புறந்தள்ள இயலாது. பெற்ற தரவைக் கொண்டு போட்டி இயந்திரம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. தொழில் இரகசியம் வெளிப்பட்டுக் கடும் பொருளிழப்பு நேரும் நிலையில், அரிதாக, மறுக்கவும் இடம் தருகிறது. மறுக்கும் நிறுவனமே காரணத்தை எழுத்தில் கூறி, உரிய அதிகார அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமையை வலியவர் தோளில் வைத்தது பொருத்தமே.

2026 செப்டம்பர் 12க்குப் பின் சந்தைக்கு வரும் பொருள்கள், தரவை எளிதில் எடுக்கத்தக்கனவாகவே வடிவமைக்கப்பட வேண்டும். ஆனால், கறவை இயந்திரம் ஆண்டுதோறும் மாற்றும் பொருளன்று. முன்னரே வாங்கியோர் பல்லாண்டுகள் விண்ணப்பித்துக் கேட்டே பெறவேண்டியிருக்கும். விடியுமுன் தொழுவத்தில் நிற்பவருக்கு அதற்கு நேரம் ஏது? பயனாளர் சார்பாக வேறொருவர் கேட்கவும் சட்டம் இசைகிறது. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பால் கூட்டுறவு அமைப்புகள் நெடுங்காலமாக வலுவுடன் இயங்குகின்றன. உறுப்பினர் அனைவருக்காகவும் தரவைக் கேட்கும் விண்ணப்பத்தை அவையே எழுதலாம்.