சேர்வராயன் மலையில் தேவ விமானமா?

வேற்றுலகத்தார் விட்டுப்போன விமானம் ஒன்று பல்லாயிரம் ஆண்டு மலைக்குள் புதைந்து கிடந்தது, அதைக் கதாநாயகன் கண்டெடுத்தான் என்று நாவல் எழுதுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கதையைக் கதையென்று சொல்லி விற்பவன் யோக்கியனே. அதே கதையைச் சரித்திரமென்று விற்கும் புரட்டைத்தான் நாம் கண்டிக்கின்றோம்.

1968-ல் சுவிட்சர்லாந்துக்காரரான எரிக் வான் டேனிக்கன், பூர்வகாலத் தெய்வங்களெல்லாம் ஆகாயத்திலிருந்து வந்திறங்கிய வேற்றுலகத்தாரே என்று ஒரு புத்தகம் போட்டார். நமது புராணப் பிரியர்களுக்குக் கேட்கவேண்டுமா? புஷ்பக விமானத்துக்குச் சீமைச் சாட்சியே கிடைத்துவிட்டது! உள்ளூர்ச் சாட்சியாகப் பரத்துவாஜ ரிஷி அருளியதாகச் சொல்லப்படும் "வைமானிக சாஸ்திர"த்தைக் காட்டுகிறார்கள். அந்த ரிஷி அருளிய காலம் எது? சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918 முதல் 1923 வரை வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதாம்! அது 1904-க்கு முந்தியதல்ல, அதில் வரைந்துள்ளவை பறக்கவும் மாட்டா என்று 1974-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து நிபுணர்கள் ஐவர் ஆராய்ந்து எழுதினார்கள். அப்படியிருந்தும் 2015-ல் மும்பையில் கூடிய சயன்ஸ் காங்கிரஸிலேயே அந்தச் சரக்கை மேடையேற்றினார்கள் என்றால் இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்லுவது?

இவர்கள் நாளை ஏற்காட்டுக்கு வந்தால் என்ன சொல்லுவார்கள்? சேர்வராயன் மலையுச்சி மேசைபோல் தட்டை, கோயிலோ குகைக்குள். "இது தேவர்கள் இறங்கிய மைதானம், அது விமானக் கொட்டகை" என்று ஸ்தல புராணம் கட்டிவிடுவார்கள். அந்த உச்சிக்கு உண்மையான சரித்திரம் உண்டு. கணக்கற்ற ஆண்டுகளாக மழையில் பாறை சிதைந்து, கரைவதெல்லாம் கரைந்துபோய், மிஞ்சியது மலைக்குத் தொப்பியாய் நின்றது. அதன் பெயர் பாக்சைட்டு. அதிலிருந்துதான் ஆகாய விமானத்துக்கு வேண்டிய அலுமினியம் கிடைக்கிறது.

ஆகவே மலைமேல் விமானம் இருந்தது மெய்தான், மண்ணாக இருந்தது! எத்தனை தலைமுறை கற்பூரம் கொளுத்தினோம்? ஒருவர் கனவிலாவது சாமி இந்தச் சங்கதியைச் சொல்லிற்றா? 1886-ல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் ஹெரூல் என்ற 22, 23 வயது வாலிபர்கள்தான் மின்சாரத்தால் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்க வழி கண்டார்கள். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த யந்திரத்தின் இஞ்சின் கூடு அலுமினிய வார்ப்பு. பிற்பாடு இம்மலை மண்ணை வெட்டி மேட்டூர் ஆலைக்கு அனுப்பினார்கள். வெட்டியவர்கள் தேவர்களா? கூலிக்கு உழைத்த மனிதர்களல்லவா?

இதே மலைகளில் புதிய கற்காலத்து வழவழப்பான கல் கோடாலிகள் கிடைத்திருக்கின்றன. கல்லோடு கல்லை ஓயாமல் தேய்த்த மனிதன் தன் கருவியை விட்டுப்போயிருக்கிறான். தேவனோ ஓர் ஆணியைக்கூட விட்டுப்போகவில்லை!

"வானத்தான் செய்தான்" என்றால் உழைத்தவன் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? எல்லாம் அன்றே இருந்தது என்று நம்பும் பிள்ளை புதிதாக எதைத் தேடுவான்? தோழர்களே! நாவலைத் தாராளமாய்ப் படியுங்கள். ஆனால் விமானம் இருந்தது என்று சாதிப்பவனிடம் ஒரே ஓர் ஆணியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை காணிக்கையும் கூடாது, கைதட்டலும் கூடாது.