நூறு சதவீதம்: யாரைக் கழித்துவிட்டு?



மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம்ம ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பிளக்ஸ் போர்டுதான். '100 சதவீதம் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்து, கீழே வரிசையாகப் போட்டோ. அதைப் பார்த்துத்தான் எது நல்ல பள்ளிக்கூடம் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. சதவீதம் மட்டும் போகவில்லை. மாவட்டங்களுக்குள்ளும் அதே போட்டி. 2019-ல் பத்தாம் வகுப்பில் நம் திருப்பூர் மாவட்டம் 98.53 சதவீதம் எடுத்து மாநிலத்திலேயே முதலிடம். 2024-ல் பிளஸ் டூவில் 97.45 எடுத்து முதலிடம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாவதில் 40 பேர். சுமாராகப் படிக்கிற 6 பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பியாச்சு. மீதி 34 பேரும் பத்தாவதில் பாஸ். போர்டில் 100 சதவீதம்! 40-க்கு 34 என்றால் 85 தானே? எட்டாவது வரைக்கும் தமிழ்நாட்டில் யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அதனால் இந்தக் கழிப்பு ஒன்பதாவதில்தான் நடக்கும். நானும் இப்போது ஒன்பதாவது.

எங்கள் லைன் வீட்டில் ஒரு அக்கா. தனியார் பள்ளியில் படித்தார். கணக்குதான் வராது. ஒன்பதாவது முடிந்ததும் அவர் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ரிசல்ட்டைக் கெடுத்துப்போடுமுங்க, வேற ஸ்கூல் பாத்துக்கங்க" என்றார்களாம். அதற்கப்புறம் அக்கா எங்கேயும் சேரவில்லை. இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அடுத்த வருஷம் அந்தப் பள்ளி வாசலில் 100 சதவீத போர்டு வைத்தார்கள். அக்கா அந்தக் கணக்கிலேயே இல்லை.

காதர்பேட்டைக்காரர்களுக்கு செகண்ட்ஸ் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டை, கறை என்று செக்கிங்கில் கழித்த பீஸ் நம்ம கடைகளுக்கு வரும். மீதியைப் பெட்டி போட்டு அனுப்புவார்கள். துணிக்கு அது சரி.

கொரோனாவால் 2021-ல் பத்தாவது பரீட்சையே இல்லை, எல்லோரும் பாஸ். அந்த வருஷம் எல்லாப் பள்ளியும் ஒரே தரம் ஆகிவிட்டதா?

ஸ்காட்லாந்தில் 2014 முதல் வேறு மாதிரி பார்க்கிறார்களாம். ஒரு பள்ளியின் ரிசல்ட்டை, அதே மாதிரி குடும்பச் சூழ்நிலை உள்ள வேற ஊர்ப் பிள்ளைகளின் ரிசல்ட்டோடு வைத்துப் பார்ப்பார்கள். இங்கே பாருங்கள், அம்மா ஓவர்டைம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வருகிற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒடிசா, பீகாரில் இருந்து நடு வருஷத்தில் வந்து, 'அ'வன்னாவில் ஆரம்பித்துத் தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் உழைப்பு எந்த சதவீதத்தில் சேரும்?

போர்டு வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பதாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பத்தாவது பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இன்னொரு வரியும் அதிலே எழுதட்டும். அட்மிஷனுக்குப் போகும்போது நம்ம அப்பா அம்மாவும் முதலில் இதைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி