தோட்ட நகரிலே தோட்டத்தாருக்கு இடம் எங்கே?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றனர் நம் முன்னோர். அந்தத் தனி வளையைத் தேடி அறுபது வயதிலே தெருத் தெருவாக அலையும் நிலை நம் தோட்டத் தோழர்களுக்கு ஏன் வந்தது? நாம் கண்ணாரக் கண்ட ஒரு செய்தியைச் சொல்லி, அதன் வழியே சில கருத்துகளைத் தொழிலாளர் முன் வைக்க விரும்புகிறோம்.

உலு சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த தோழர் ஒருவர் அண்மையில் ஓய்வு பெற்றார். அவர் மனைவியும் அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ரப்பர் சாய்ந்து செம்பனை வந்த பிறகு உரக் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்தவர். வேலை முடிந்தது, வீட்டையும் காலி செய்யச் சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். மகனோ ஷா ஆலாமில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். "பிறந்த பக்கத்திலேயே, கோயிலும் ஆஸ்பத்திரியும் கிட்டத்தில் இருக்கிற மாதிரி ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுங்கள் ஐயா" என்று அவர் நம்மைக் கேட்டார். கோல குபு பாரு பட்டணத்தில் மூன்று ஞாயிற்றுக் கிழமைகள் அவரோடு நாமும் வீடு தேடினோம்.

கோல குபு பாருவை அறியாதார் யார்? பிரேசர் மலைக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், மரமும் புல்வெளியும் சூழ்ந்த அழகிய சிற்றூர். உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் தலைமையிடமும் அதுவே. நம் தோழரின் மனைவி அந்த மர நிழலைப் பார்த்து, "இங்கே கிடைத்தால் கடைசிக் காலம் நிம்மதியாகப் போகும்" என்றார்.

முதல் வீட்டுக்காரர் தொலைபேசியில், "வீடு காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்" என்றார். போய் வாசலில் நின்றோம். நம் முகங்களைப் பார்த்தார். "நேற்றே ஒருவர் பேசிவிட்டார், மறந்துவிட்டேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக் கிழமையும் "வாடகைக்கு" என்ற பலகை அதே கதவில் தொங்கிக் கொண்டிருந்தது. இரண்டாம் வீட்டை வார இறுதியில் வரும் உல்லாசப் பயணிகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்களாம். மூன்றாம் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டுக் கேட்டார். ஓய்வு பெற்றவரிடம் சம்பளச் சீட்டு ஏது?

நான்காம் வீட்டுக்காரர் நம்மவர், தமிழர், லயத்திலே பிறந்து படித்து முன்னுக்கு வந்தவர். இவர் கைவிட மாட்டார் என்று நம்பிப் போனோம். "அண்ணே, தோட்டத்து ஆளுங்கன்னா இன்னைக்கு ரெண்டு பேரு வருவாங்க, நாளைக்குச் சொந்தக்காரங்க பத்துப் பேரு வந்து படுத்துக்குவாங்க. மன்னிச்சிக்குங்க" என்றார். முதல் வீட்டுக்காரரின் பொய்யைவிட இந்த மெய் நம்மை அதிகம் சுட்டது. பிறர் நம்மை ஒதுக்கும்போது கொதிக்கிறோம். ஏணியில் ஏறியதும் நாமே ஏணியை எடுத்துவிடுகிறோம். இது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்லவா?

இந்தப் பசுமைப் பட்டணம் எப்படி உண்டாயிற்று என்பதை நம் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. பழைய கோல குபு 1883ஆம் ஆண்டில் அணை உடைந்து வெள்ளத்தில் அழிந்தது. அதன் பின்னும் ஆற்று வெள்ளம் ஓயவில்லை. ஆகவே ஊரையே மேட்டுக்கு மாற்ற முடிவாகி, 1930களின் தொடக்கத்தில் புதிய ஊர் எழுந்தது. அதற்குத் திட்டம் வகுத்தவர் அன்றைய மலாயா அரசாங்கத்தின் நகரமைப்பு அதிகாரியாயிருந்த சார்ல்ஸ் ரீட். "தோட்ட நகர்" என்ற கொள்கையைப் பின்பற்றி அவர் இந்த ஊரை வகுத்தார்.

தோட்ட நகர்க் கொள்கையின் தந்தை எபனீசர் ஹவார்டு என்ற ஆங்கிலேயர். அவர் பிரபுவும் அல்லர், பொறியியலாளரும் அல்லர்; பாராளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்தவர். 1898இல் எழுதிய நூலில் அவர் வற்புறுத்தியது மரமும் புல்வெளியும் மட்டுமல்ல. நகரத்து நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும். நிலத்தின் மதிப்பு உயரும்போது அந்த ஆதாயம் தனியார் பையில் விழாமல் ஊர் நன்மைக்கே திரும்ப வேண்டும். தொழிலாளி தாங்கக்கூடிய வாடகையில் நல்ல வீட்டில் வாழ வேண்டும் என்றார். 1903இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற ஊர் இந்த எண்ணத்தின்படி தொடங்கப்பட்டது.

பார்த்தீர்களா தோழர்களே! தோட்ட நகர் என்பதன் உயிரே வாடகை. அந்தக் கொள்கை கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது மரம் வந்தது, புல்வெளி வந்தது, அகன்ற சாலை வந்தது. தொழிலாளிக்கு ஏற்ற வாடகை மட்டும் வந்து சேரவில்லை. அதனால்தான் தோட்ட நகரிலே தோட்டத்தாருக்கு இடமில்லை என்ற விந்தையை இன்று காண்கிறோம்.

ஆனால் குற்றம் பட்டணத்தில் மட்டும் இல்லை. அதன் வேர் தோட்டத்திலேயே இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு என்பது வேலையோடு கட்டிப் போட்ட கயிறு. 1990ஆம் ஆண்டு வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் அது விரிந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் வேலையில் இருக்கும் வரையில்தான் அதன் நிழல். 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயது வந்ததும் நிழல் விலகுகிறது, வெயில் தொடங்குகிறது. "வீட்டு வாடகை இல்லையே" என்று சொல்லித்தானே காலமெல்லாம் தோட்டத்தில் கூலியைக் குறைத்துப் பேசினார்கள்? அப்படியானால் அந்த வாடகையை நம் தோழர் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தம் வியர்வையால் கட்டி வந்திருக்கிறார் என்பதே பொருள். கட்டிய வாடகைக்கு ஈடாக இறுதியில் அவர் கையில் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். இறுதியில் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. வாடகை மாதம் 700 வெள்ளி. இந்நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை 1,400 வெள்ளி. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை 350 வெள்ளி. முதல் மாத வாடகை 700 வெள்ளி. ஆக, கதவைத் திறக்கு முன்னே 2,450 வெள்ளி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வேலையில் இருப்பவனுக்கே இது ஒன்றரை மாதச் சம்பளத்தை நெருங்குகிறது என்றால், சேமநிதிப் பணத்தைக் கிள்ளிக் கிள்ளி உயிர் வாழ்பவர் கதி என்ன? அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டத்து அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி. அப்படி வீடுகள் வேண்டிய ஊர்களுள் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர்களும் உண்டு என்பதை ஆள்வோர் உணர வேண்டும்.

வாடகைக்குப் போகும் தோழர்கள் சட்டத்தையும் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கட்டடங்களின் வாடகையை அடக்கி வைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. ஆகவே இன்று வாடகையைத் தீர்மானிப்பது ஒப்பந்தமே. வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். எழுதியதற்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். மாதம் 700 வெள்ளி வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, 2025 தொடக்கம் முதல் உள்ள கணக்குப்படி, தீர்வை 34 வெள்ளிதான். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 34 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் 1,400 வெள்ளி வைப்புத் தொகையை இழக்க வேண்டாம்.

வாடகை தவறினால் வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் பூட்டை மாற்றிச் சாமான்களைத் தெருவில் எறியலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியேற்ற முடியும் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குறித்த நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவில் கூறுகிறது. அதே வேளையில், வாடகைப் பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்றுச் சாமான்களை ஜப்தி செய்ய 1951ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி விடுகிறது. உரிமை நமக்கும் உண்டு, கடமையும் நமக்கு உண்டு. வாடகையை நாள் தவறாமல் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கி வைப்பதே நமக்குக் காப்பு.

ஆனால் நிறம் பார்த்துக் கதவைச் சாத்துவோரை என்ன செய்வது? "இந்தியருக்கு இல்லை" என்று வெளிப்படையாக எழுதிய வாடகை விளம்பரங்கள் இந்நாட்டில் பலமுறை வெளிவந்து கண்டனம் பெற்றிருக்கின்றன. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அரசியலமைப்பின் 8ஆவது விதி முழங்குகிறது. எனினும் தனியாருக்கும் தனியாருக்கும் இடையே உள்ள உறவில் அந்த விதி நுழையாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே வாடகை வீட்டில் இனம் பார்ப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று தொழிற்சங்கம் குரல் கொடுக்க வேண்டும். இது தமிழனுக்கு மட்டும் கேட்கும் சலுகை அன்று; எந்த இனத்தவரானாலும் எந்த ஊரிலும் கதவு திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நகராண்மைக் கழகத்திடமும் நமக்குக் கேள்வி உண்டு. உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வாக்களித்துக் கேட்கும் வழி அடைபட்டது. ஆனால் எல்லா வழியும் அடைபடவில்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் வரையப்படும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நாம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தக் காகிதம் பலகையில் தொங்கும்போது நம் கிளைத் தலைவர்கள் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறார்கள்? எங்கே கடை, எங்கே பூங்கா என்று வரைகிறவர்களிடம், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு வாடகை வீடு எங்கே என்று ஒரு கடிதம் எழுத நமக்குக் கை வலிக்கிறதா?

நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நூறு உறுப்பினர் உள்ள ஒரு கிளையில் ஆளுக்கு மாதம் 5 வெள்ளி ஒதுக்கினால் 500 வெள்ளி சேரும். ஐந்து மாதத்தில் 2,500 வெள்ளி. ஒரு குடும்பத்துக்கு வீட்டுக் கதவைத் திறக்க அது போதும். அது தானமும் அன்று, கடன். வீட்டை நல்லபடி ஒப்படைத்தால் வைப்புத் தொகை திரும்பி வரும். அடுத்த தோழருக்கு உதவும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கிளை ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளியின் சில்லறைக் காசு தோட்டத்தை வாங்குமா என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சில்லறைக் காசு தோட்டங்களையே வாங்கியது. ஒரு வீட்டுக் கதவைத் திறக்காதா?

நம் தோழர் இப்போது அந்த மாடியில் குடியிருக்கிறார். இருபத்திரண்டு படிகள். முழங்கால் தேய்ந்த அவர் மனைவி காலையில் ஒருமுறை இறங்கினால் மாலையில்தான் ஏறுகிறார். இடையில் ஏறி இறங்க முடிவதில்லை. பகலெல்லாம் அந்தப் பசுமைப் பட்டணத்தின் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நாம் பார்க்கப் போன அன்று, "நிழல் நல்லாத்தான் இருக்குது ஐயா" என்றார்.

நிழல் மட்டும் போதாது தோழர்களே. நிழலுக்கடியில் தரையோடு தரையாக ஒரு வாசலும் வேண்டும். அந்த வாசல் கிடைக்கும்வரை எழுதுவோம், கேட்போம், கூடி நிற்போம்.