பாஸ்போர்ட் இல்லாத மீன்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரகடத்தில் ரோட்டோரம் ஒரு மீன் கடை.

கடையைச் சுற்றி ஒரே கூட்டம். ராத்திரி ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்கள் சிலர். பையைத் தூக்கிக் கொண்டு வீட்டிலிருந்து வந்தவர்கள் சிலர். தமிழ், இந்தி, ஒரியா, வங்காளி என்று பல பாஷைகள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "கிலோ என்ன விலை?"

ஒரு அம்மாள் வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது எவ்வளவுப்பா?" என்று கேட்டார். கடைக்காரர் விலையைச் சொன்னார். அம்மாள் ஒன்றும் பேசவில்லை. வஞ்சிரத்தைக் கீழே வைத்தார். பக்கத்துக் கூடையில் இருந்த மத்தியைப் பார்த்தார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடல் கிடையாது. சென்னை போய்ச் சேரவே சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் அந்த அம்மாள் கீழே வைத்த வஞ்சிரத்தைப் பற்றி, 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தீவில் உட்கார்ந்து பல நாட்டு அதிகாரிகள் பேசிக் கொண்டிருக்கிறார்கள்!

அந்தத் தீவு சீஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கேதான் "இந்தியப் பெருங்கடல் சூரை மீன் கமிஷன்" என்ற சர்வதேச அமைப்பின் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1996-ல் அமைக்கப்பட்ட கமிஷன் இது. சுமார் 30 நாடுகள் அங்கம் வகிக்கின்றன. இந்தியாவும் ஒன்று. 16 வகை மீன்கள் இதன் பொறுப்பில் இருக்கின்றன. சூரையில் பல ரகம், மயில் மீன், வாள் மீன், அவற்றோடு நம் வஞ்சிரமும் உண்டு.

வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் ஏன் ஒரு கமிஷன்?

ஓரிடத்தில் நிற்காது

காரணம், இவை ஓரிடத்தில் நிற்காத மீன்கள். இன்று லட்சத்தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் சூரைக் கூட்டம், சில மாதங்களில் மாலத்தீவைத் தாண்டிப் போய்விடும். 2005 முதல் சில ஆண்டுகள் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூரை மீன்களைப் பிடித்து, முதுகில் சிறு அடையாளக் குச்சியைச் சொருகி, மறுபடி கடலில் விட்டார்கள். ஆப்பிரிக்கக் கரையோரம் விட்ட மீன்களில் சில, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வேறு நாட்டு வலையில் சிக்கின.

அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. விசா கிடையாது. எந்த நாட்டு எல்லையில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. ஒரு நாடு "குஞ்சைப் பிடிக்காதே" என்று தன் மீனவரைத் தடுத்து என்ன பயன்? எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கப்பல் அதே குஞ்சை வாரிக் கொண்டு போய்விடும். தன் தோட்டத்து மாங்காயைப் பழுக்கட்டும் என்று விட்டால், வேலிக்கு வெளியே நீண்ட கிளையில் பக்கத்து வீட்டுப் பையன் கை வைத்த கதைதான்.

ஆகவேதான் 1982-ல் ஐக்கிய நாடுகள் கடல் சட்டம் எழுதப்பட்டபோது, வலசை போகும் மீன்களை நாடுகள் கூடிப் பேசிப் பாதுகாக்க வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள். 1995-ல் இதற்கென்றே தனி ஒப்பந்தம் வந்தது. 2003-ல் இந்தியா அதில் சேர்ந்தது.

கமிஷன் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015-ல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2016-ல் கமிஷன் கட்டுப்பாடு போட்டது. 2024-ல் மறுபடி கணக்குப் பார்த்தபோது நிலைமை தேறியிருந்தது. 

நடுவில் ஒரு ஓட்டை

வெளியே இப்படி. நம் வீட்டுக்குள் என்ன நிலைமை?

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை மாநில சர்க்காரின் அதிகாரம். இதற்குத் தமிழ்நாட்டில் 1983-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு அப்பால் 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர் வரை மத்திய சர்க்காரின் பொறுப்பு. இந்தக் கடல் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம்.

இந்தப் பெரிய பரப்பில் மீன் பிடிக்க என்ன விதி இருந்தது? வெளிநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்த 1981-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சரி, நம் நாட்டுப் படகுகளுக்கு? முழுமையான விதி எதுவும் இல்லை! சூரை மீன் நீந்துவதோ பெரும்பாலும் அந்த 12 மைலுக்கு அப்பால்தான். வீட்டு வாசலில் பூட்டு, தெருக் கோடியில் போலீஸ், நடுவில் யாரும் இல்லை என்ற கதை.

2021-ல் ஒரு மசோதா கொண்டு வர மத்திய சர்க்கார் முயன்றது. மீனவர்கள் எதிர்த்தார்கள். மசோதா நாடாளுமன்றத்துக்கே வரவில்லை. கடைசியில் 2025 நவம்பர் 4-ந் தேதி புதிய விதிகள் வெளியாயின.

அதில் என்ன இருக்கிறது? யந்திரப் படகுகள் கரைக் கடலைத் தாண்டிப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. சிறு படகு, கட்டுமரம் வைத்திருக்கும் பாரம்பரிய மீனவருக்குச் சீட்டே தேவை இல்லை. வெளிநாட்டுக் கப்பலுக்கு இடம் இல்லை. கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கைக் காட்டி மீனைக் கூட்டி அள்ளுவதற்குத் தடை. இரட்டை மடிக்கும் தடை. எந்த மீன் எந்த அளவுக்கு வளர்ந்த பிறகு பிடிக்கலாம் என்று அளவு வைக்கப்படும். ஆழ்கடல் தொழிலில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை.

இவை வந்ததில் தப்பில்லை. ரொம்பத் தாமதமாக வந்தன என்பதுதான் குறை.

ஆணிக்கு நம்பர் உண்டு

ஒரகடத்துத் தொழிலாளிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கார் தொழிற்சாலைக்குள் வரும் முக்கியமான உதிரிப் பாகத்துக்கெல்லாம் ஒரு அடையாளம் உண்டு. எந்தக் கம்பெனி செய்தது, எந்த நாள், எந்த ஷிப்டு என்பது பதிவாகி இருக்கும். பிரேக்கில் கோளாறு என்று எங்கோ ஒரு மூலையில் ஒருவர் புகார் செய்தால், இங்கே புத்தகத்தைப் புரட்டிப் பிடித்து விடுவார்கள்.

அதே தொழிலாளி வாங்கும் மீனுக்கு? எந்தப் படகு, எந்தக் கடல், என்றைக்குப் பிடித்தது? கடைக்காரருக்கே தெரியாது. கரையில் குவியலாகக் கொட்டி ஏலம் போட்டார்கள். ஐஸில் வைத்து வண்டி ஏற்றினார்கள். அவ்வளவுதான்.

இதில் நஷ்டம் யாருக்கு? முதலில் மீனவருக்குத்தான்.

இந்தியப் பெருங்கடல் சூரையை நாடுகள் எப்படிப் பங்கு போட்டுக் கொள்வது என்று கமிஷனில் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. ஸ்பெயின், பிரான்சு நாட்டுக் கப்பல்கள் தங்கள் கரையை விட்டு இவ்வளவு தூரம் வந்து, பெரிய சுற்று வலை போட்டு டன் கணக்கில் அள்ளுகின்றன. கடலில் மிதவையை மிதக்க விட்டு, அதன் நிழலில் கூடும் மீன்களை வளைக்கிறார்கள். அதில் குஞ்சுகளும் மாட்டிக் கொள்கின்றன. "இதுவரை யார் எவ்வளவு பிடித்தார்களோ அந்தக் கணக்குப்படி பங்கு" என்றால் அவர்களுக்கு லாபம். "கடல் யார் வாசலில் இருக்கிறதோ அவர்களுக்கு முதல் பங்கு" என்பது இந்தியா போன்ற கரையோர நாடுகளின் வாதம். நியாயமான வாதம்!

ஆனால் வெறும் வாதத்தை வைத்து ஜெயிக்க முடியுமா? "உங்கள் ஆட்கள் எவ்வளவு பிடித்தார்கள்? கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டால், காட்டக் கணக்கு வேண்டாமா? ஒவ்வொரு படகும் எழுதி வைக்கும் கணக்குத்தான் நாளை பங்கு கேட்கும் பத்திரம். அது இல்லாவிட்டால் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டுக் கொண்டு போவார்கள். அது குறைவாகத்தான் இருக்கும்.

ஆகையால் அனுமதிச் சீட்டோடு விஷயம் முடியவில்லை. துறைமுகத்திலேயே எடை போட்டு, படகின் பெயரோடு எழுதிக் கொள்ள ஆள் வேண்டும். இதையும் மீனவர் தலையில் கட்டி, "செல்போனில் படிவத்தை நிரப்பு" என்றால் நடக்காது. நடுக்கடலில் வலை இழுத்த கை, கரைக்கு வந்ததும் படிவம் நிரப்பவா போகும்?

தூத்தூர் வீரர்கள்

ஆழ்கடல் தொழில் என்றால் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. சுறாவையும் சூரையையும் தேடி, லட்சத்தீவுக்கும் குஜராத் கடலுக்கும் அதைத் தாண்டியும் போகிறவர்கள் அவர்கள். ஒரு தடவை புறப்பட்டால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல், பல பேர் சேர்ந்து முதல் போட்டு, படகு கட்டிப் போகிறார்கள். பள்ளிக்கூடப் படிப்பு சொல்லித் தராத கடலை அவர்கள் அறிவார்கள்.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் அடித்தது. புயல் வருகிறது என்ற செய்தியே நடுக்கடலில் இருந்த பலருக்குப் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்தக் கிராமங்களில் அன்று கரையில் நின்ற பெண்களின் முகத்தைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைச் சர்க்கார் கொடுக்கிறது. 1 லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. புயல் எச்சரிக்கை இதில் வரும். ஆபத்து என்றால் கரைக்குச் சொல்லலாம். படகு எங்கே இருக்கிறது என்பதும் அதிகாரிகளுக்குத் தெரியும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் மீனவருக்குச் சந்தேகம். "நம்மைக் காப்பாற்றவா, நமக்கு அபராதம் போடவா?" என்று கேட்கிறார்கள். கேட்பது தப்பா? இல்லை. ஒரு படகு தத்தளிக்கும்போது மீட்புக் கப்பல் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால், கருவியைக் கழற்றி வை என்று சொன்னால்கூட அவர்கள் கழற்ற மாட்டார்கள். அபராத நோட்டீசு முதலில் வந்தால் கதை வேறு.

தாய்க் கப்பல் யாருடையது?

புதிய விதிகளில் இன்னொரு ஏற்பாடு, தாய்க் கப்பல். நடுக்கடலில் ஒரு பெரிய கப்பல் நிற்கும். சிறு படகுகள் பிடித்த மீனை அதில் ஏற்றும். குளிர் அறையில் மீன் கெடாமல் கரைக்கு வரும்.

நல்ல யோசனைதான். ஒரு மாதப் பயணத்தில் முதல் வாரம் பிடித்த சூரை, கரைக்கு வரும்போது ஐஸில் நைந்து போகிறது. விலை பாதியாகிறது. ஜப்பானிலோ சூரையைப் பச்சையாகவே தின்கிறார்கள். புத்தம் புதிதாக இருந்தால் கொட்டிக் கொடுக்கிறார்கள். 2019 ஜனவரியில் டோக்கியோ சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை, 33 கோடி யென்னுக்கு ஏலம் போனது. அது நம் கடலில் கிடைக்கும் ரகம் அல்ல; புத்தாண்டு ஏலத்தின் கௌரவமும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் புதிய மீனுக்கு இருக்கும் மதிப்பு தெரிகிறது அல்லவா?

ஆனால் அந்தத் தாய்க் கப்பல் யாருடைய கையில் இருக்கும்? இங்கேதான் விதியை உற்றுப் படிக்க வேண்டும். மீனவர் சங்கத்துக்கு "முன்னுரிமை" என்று எழுதியிருக்கிறார்கள். முன்னுரிமை என்றால் வரிசையில் முதல் இடம். முதல் ஆளிடம் பணம் இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். தாய்க் கப்பலுக்கு வேண்டிய கோடிகள் எந்தக் குப்பத்துச் சங்கத்திடம் இருக்கிறது?

பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாக் நீரிணையில் இழுவை மடி போடுகிறவர்கள், சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுக்கு மாற வேண்டும். படகு விலை 80 லட்சம் ரூபாய். 56 லட்சம் மானியம், 16 லட்சம் பாங்குக் கடன், 8 லட்சம் கைப்பணம். 2 ஆயிரம் படகு என்பது இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. மானியம் இவ்வளவு தாராளமாக இருந்தும், ஒரு ராத்திரி போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவருக்கு அந்த 24 லட்சமும் வாரக்கணக்கான பயணமும் பெரிய மலையாகத் தெரிந்தன. ஒரு படகுக்கே இந்தப் பாடு என்றால் தாய்க் கப்பலுக்கு?

இன்னும் பழைய கதையும் உண்டு. 1991-ல் கூட்டு முதலீடு என்ற பெயரில் வெளிநாட்டுக் கப்பல்களை ஆழ்கடலில் அனுமதித்தார்கள். நாடெங்கும் மீனவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். முராரி கமிட்டி 1996-ல் அந்த அனுமதிகளை ரத்து செய்யச் சொன்னது. முழுக்க ஒழிய 2017 வரை ஆயிற்று. கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை. மூட 25 வருஷத்துக்கும் மேல்!

எனவே முதல் சில ஆண்டுகளுக்காவது தாய்க் கப்பல் மீனவர் கூட்டுறவுக்கு மட்டுமே என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நிற்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலை கட்ட வருகிறவர்களுக்கு நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று சர்க்கார் எவ்வளவோ செய்கிறதே. கடலில் தொழிற்சாலை வைக்கக் கேட்கிறவர்களுக்கும் அதில் ஒரு பங்கு செய்தால் என்ன?

நடுக்கடலில் மீனைக் கப்பல் மாற்றுவதில் திருட்டுக்கும் இடம் உண்டு. உலகம் பூராவும் கள்ள மீனை நல்ல மீனோடு கலப்பது இந்த இடத்தில்தான். ஆகவே ஒவ்வொரு தாய்க் கப்பலிலும் எடையைப் பார்த்து எழுத ஒரு சர்க்கார் ஆள் இருக்க வேண்டும்.

சீஷெல்ஸ் கமிஷன் வருஷம் ஒரு முறை கூடுகிறது. இந்தியாவின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் டில்லி அதிகாரிகள் உட்காருகிறார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் தூத்தூர்க்காரர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடலாம். எந்த மாதம் எந்தப் பக்கம் சூரை திரும்பும் என்று அவரிடம் கேட்டுக் கொள்ளலாம்.