உட்கார எத்தனை அடி?

நியூயார்க் மாநகரம் 1961-இல் கட்டுமான நிறுவனங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்கென்று ஒரு சதுர அடி திறந்தவெளி விட்டால், மேலே 10 சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். எஃப்.எஸ்.ஐ. எனும் கட்டுமானப் பரப்பு அனுமதிக்காக அலையும் நம்மூர் பில்டர்கள் கேட்டால் ஏங்கிப்போவார்கள். அங்கேயும் போட்டி போட்டுக்கொண்டு இடம் விட்டார்கள். பளபளவென்று கல்தரை போட்டார்கள். ஆனால் அவற்றில் பல, ஆளில்லாமல் வெறிச்சோடிக் கிடந்தன.

ஏன் என்று பார்க்கக் கிளம்பியவர் வில்லியம் எச். வைட், ‘பார்ச்சூன்’ இதழில் வேலை பார்த்த பத்திரிகையாளர். 1970-களில் இந்தச் சதுக்கங்களைப் பார்த்தபடி கேமராக்களைப் பொருத்தி, யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று தன் குழுவோடு எண்ணினார். வெயில் காரணமா, இடத்தின் வடிவமா, பரப்பளவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதுவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் கிடைத்த விடையைக் கேட்டால் சிரிப்புதான் வரும்: உட்கார இடம் இருந்தால் ஜனங்கள் உட்காருகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் குறித்துவைத்த நுணுக்கங்கள்தான் சுவையானவை. ஓர் அடி முதல் மூன்று அடி உயரம் வரை இருக்கும் எந்தத் திட்டிலும் மனிதர் உட்கார்ந்துவிடுவார். திட்டு 30 அங்குல அகலம் இருந்தால் இரு பக்கமும் ஆள் உட்காரலாம். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், அவசியமே இல்லாவிட்டாலும் அதை நாலு அங்குலம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் எவருக்கும் இது புரியும்.

இந்தக் கண்ணோடு தமிழக நகரங்களைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. கடை வாசல் திட்டில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று கூரான கம்பி பதிக்கிறார்கள். பேருந்து நிறுத்தங்களில் இரண்டு எவர்சில்வர் குழாய்களை இணையாகப் போட்டு அதற்கு இருக்கை என்று பெயர். சாய்ந்து நிற்கலாம், உட்கார முடியாது. பல ஊர்களில் பூங்காக்கள் காலையும் மாலையும் மட்டும் திறக்கின்றன; நிழல் தேவைப்படும் நடுப்பகலில் பூட்டு. இப்படியெல்லாம் செய்துவிட்டு, ‘நம்ம ஜனங்க எங்க சார் வெளிய வந்து உட்கார்றாங்க, மாலுக்குத்தான் போறாங்க’ என்று அலுத்துக்கொள்கிறோம்.

கோபன்ஹேகனிலும் இதே பேச்சுதான் இருந்தது. 1962-இல் ஸ்ட்ரோயெட் என்ற கடைவீதியில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி, நடப்பவர்களுக்கென்று விட்டபோது, ‘நாம் டேனிஷ்காரர்கள், இத்தாலியர்கள் அல்ல; இந்தக் குளிரில் யார் தெருவில் உட்காருவார்கள்’ என்று கேலி பேசினார்கள். வியாபாரிகளுக்குப் பயம் வேறு. தெரு கிடைத்ததும் மக்கள் வந்தார்கள். யான் கெல் என்ற கட்டடக் கலைஞர் பல ஆண்டுகள் அந்த நகரத்தில் ஆட்களை எண்ணிப் பதிவு செய்தார். வேலைக்குப் போவது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது போன்ற கட்டாயக் காரியங்கள் எந்தத் தெருவிலும் நடந்துவிடும். நின்று வேடிக்கை பார்ப்பது, அரட்டை அடிப்பது போன்றவை இடம் நன்றாக இருந்தால்தான் நடக்கும் என்பது அவர் கண்டது.

சென்னையில் இதற்கு ஓர் உதாரணம் தி.நகரின் பாண்டி பஜார். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகளை முழுதாக நிறுத்தவில்லை. சாலையை ஒடுக்கி, நடைபாதையை அகலமாக்கி, இருக்கைகள் போட்டார்கள். மாலையில் பார்த்தால், கையில் எந்தப் பையும் இல்லாமல் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்கள் தென்படுகிறார்கள். ஜவுளி வாங்க மட்டுமே தி.நகர் போன தலைமுறைக்கு இது புதுசு. ஆனால் ஒரு குறை. பூவும் ஹேர்பின்னும் விற்ற நடைபாதை வியாபாரிகளை 2013-இலேயே மாநகராட்சி வளாகக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். தின்பண்டமும் சில்லறைக் கடையும் இருக்கும் இடத்தில்தான் கூட்டம் சேரும் என்பது வைட் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். மெரினாவில் சுண்டல் விற்கும் பையனுக்கும் இது தெரியும்.

வைட்டின் இன்னொரு அளவுகோல் பெண்கள். ஓர் இடத்தில் பெண்கள் குறைவாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்வார். தமிழ்நாட்டில் இது இப்போது கூர்மையான கேள்வி. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ் அவர்களை ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. இறங்கிய பிறகு? டீக்கடை பெஞ்ச் பெரும்பாலும் ஆண்களுடையது. காசு கொடுக்காமல், யாரும் முறைக்காமல், பக்கத்தில் சுத்தமான கழிப்பறையோடு அரை மணி நேரம் உட்கார ஓர் இடத்தை எத்தனை பஸ் நிலையங்களில் காட்ட முடியும்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நியூயார்க்கிலும் கோபன்ஹேகனிலும் வெயில் ஒரு வரம். நமக்கு அப்படியில்லை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மரமில்லாத கிரானைட் சதுக்கம் கட்டினால், சித்திரை மாதத்தில் அந்த பெஞ்சில் தோசை சுடலாம். புங்கமோ வேம்போ நட்டு, அதன் அடியில் சிமென்ட் திட்டு கட்டுவது செலவும் குறைவு.

‘பெஞ்ச் போட்டால் குடிகாரர்கள் படுத்துக்கொள்வார்கள்’ என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில் இந்தப் பயம் நிஜமாகவே நடந்தது. 1970-களில் அது போதைப்பொருள் சந்தை. தெருவைவிட உயரமான தரையும், சுற்றிலும் வேலியும் புதரும் உள்ளே நடப்பதை மறைத்ததே காரணம் என்று வைட் சொன்னார். புதர்களை அகற்றி, வாசல்களை அகலமாக்கி, நகர்த்தும் நாற்காலிகளைப் போட்டு 1992-இல் பூங்காவை மீண்டும் திறந்தார்கள். மற்றவர்கள் நிறைய வந்ததும் போதை வியாபாரம் படுத்துவிட்டது.

1975-இல் நியூயார்க் தன் விதியைத் திருத்தியது: சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓரடி நீளம் இருக்கை கட்டாயம். நம்முடைய நடைபாதை டெண்டர்களில் கல்லின் கனமும் கம்பியின் விட்டமும் துல்லியமாக எழுதப்படுகின்றன. ‘உட்கார இத்தனை அடி, நிழலில்’ என்று இன்னொரு வரியைச் சேர்க்க எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. அதைச் சேர்த்துவிட்டால், பில் போடுவதற்கு முன் எம்-புக் எனும் அளவீட்டுப் புத்தகத்தில் அதையும் டேப் வைத்து அளந்து எழுதித்தான் ஆக வேண்டும்.