துண்டுக்குள் ஒரு பேச்சு

மணப்பாறை, பொள்ளாச்சி மாட்டுச் சந்தைகளில் விலையை வாயாற் பேசாத பழைய வழக்கமொன்று உண்டு. தரகர் தம் கைமேல் துண்டைப் போர்த்தி, அதனுள்ளே எதிராளியின் விரல்களைப் பற்றித் தொகையை உணர்த்துவார். அது அவ்விருவருக்கே வெளிச்சம். அயர்லாந்து நாட்டுச் சந்தைகளிலோ, பலர் காண உள்ளங்கையில் ஓங்கியடித்துப் பேரத்தை முடிப்பர். விற்றவர் நற்பேற்றின் பொருட்டுச் சிறுகாசு ஒன்றை வாங்கியவரிடமே திருப்பியளிப்பதும் மரபு. அங்கே ஊரே சாட்சி. இங்கே மறைவே காப்பு.

இதனைத் தரகரின் சூதென்று இகழ்வாருளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மகள் மணத்துக்கோ மருந்துக்கோ கறவையை விற்க வந்தவனின் பணமுடை நாலுபேர் அறிய ஏலம் போகாமற் காத்ததும் அத்துண்டே. பேரம் முறிந்தாலும், கேட்ட குறைவிலை அடுத்தவன் செவிக்கு எட்டாது.

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளுக்கு உரிமைச் சீட்டு முறையை வகுத்தது. சீட்டு களவைத் தடுக்கும்; நன்றே. விற்பவன் மானத்தைக் காப்பது அதன் வேலையன்று. இன்றோ மாட்டின் படமும் விலையும் கைபேசி வழியே ஊரெங்கும் உலவுகின்றன.

கண்டிச் சீமைக்கு வந்த நம் முன்னோர், லயத்துக்கு அருகே கொட்டில் கட்டி மாடு வளர்த்தவர்கள். அவர்தம் வழியினருள் இவ்விரற்கணக்கை அறிந்த முதியோர் எவரேனும் இருப்பின், தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் அதனைக் கேட்டெழுதி நமக்கு அனுப்புவார்களாக. தரகர் சொற்களையும் விடாது குறித்தல் வேண்டும். அகராதியிற் காணாதவை அவற்றுட் பல இருக்கும்.